வியாழக்கிழமைதோறும் வந்த விளக்கு

விளக்கு ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவள் நான். பஸ்ஸில் யாரிடமாவது இப்படிச் சொன்னால், "எலெக்ட்ரீஷியனா அம்மா?" என்று கேட்கிறார்கள். இல்லை, கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களே, பம்பு அடித்து ஏற்றும் காஸ் லைட், அது என்பேன். "அதெல்லாம் இன்னும் இருக்குதா?" என்பார்கள். இருக்கிறது. எங்கள் கம்பெனியில் மட்டும் ஓர் அறை நிறைய இருக்கிறது.

நகரத்து ஆட்களைக் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கும் கம்பெனி அது. முகாமில் கரண்ட் கிடையாது. கித்தான் கூடாரம், மடக்குக் கட்டில், பித்தளை ஸ்டவ், காஸ் லைட் என்று எல்லாமே பழைய காலத்துச் சாமான்கள். அதற்காகத்தான் வருகிறவர்களும் வருகிறார்கள். காபி எஸ்டேட் பங்களாக்களிலும் ராணுவ ஏலங்களிலும் வாங்கிய அந்தச் சாமான்களைப் பழுது பார்த்து ஓடவைக்கும் ஒர்க்‌ஷாப் பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. என் வேலைக்காலம் முழுக்க அங்கேதான் போயிற்று.

சமீபத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டதால் எல்லா முகாமுக்கும் பேட்டரி விளக்கு வாங்கிவிடலாம் என்று ஆபீஸில் பேச்சு கிளம்பியது. ஒரு சனிக்கிழமை சோதித்தும் பார்த்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்திருந்த கும்பல், "இதப் பாக்கவா டோல்ல வரிசையில நின்னு வந்தோம்? எங்க பீஜி ஹாஸ்டல் மாடியிலயே இது இருக்கு" என்று சண்டைக்கு வந்துவிட்டது. மறு வாரமே காஸ் லைட்டுகள் திரும்பிப் போயின. ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக ஆட்களும் எடுத்தார்கள். அப்படி வந்தவள் நந்தினி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அக்கா, உங்களுக்கு ரொம்பத் தண்ணி காட்டின லைட்டு எது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்ல வேண்டும் என்றேன். அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். எழுதியாவது அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் நச்சரிக்கிறாள். சரி, எழுதுகிறேன்.

நான் விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள். கம்பெனியில் சேர்ந்தது கூடாரம் தைக்கத்தான். கனமான கித்தானைத் தைத்துத் தைத்து என் வலது கை கட்டைவிரல் மரம்போல் ஆகிவிட்டது. விளக்குப் பிரிவில் இருந்தவர் துபாய்க்குப் போன வாரம், மாண்டில் கட்ட ஆளில்லை. மாண்டில் என்பது சின்ன வலைப்பை போலிருக்கும். அதை விளக்கின் வாயில் சுருக்கம் ஒரே சீராக விழும்படி கட்ட வேண்டும். முதல் தடவை எரித்ததும் நூல் சாம்பலாகி, அந்தச் சாம்பல்தான் வெளிச்சம் தரும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். நான் கட்டியதைப் பார்த்த காவேரி மேடம், என் தையல் மெஷினை அன்றைக்கே வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

காவேரி மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மைசூர்க்காரர். ஒரு கல்லூரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஒர்க்‌ஷாப்பின் தலைமைக்கு வந்தவர். எங்களிடம் தமிழ் பேசுவார், ஆனால் அந்தத் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். ஒருமுறை மேல் தட்டிலிருந்து வார்னிஷ் டின் தலையில் விழுந்ததால், அன்று முதல் ஒர்க்‌ஷாப்புக்குள் ஸ்கூட்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் நடமாடினார். ஹெல்மெட்டுக்குள் காது சரியாகக் கேட்காது. அதனால் நாங்கள் எல்லோரும் கத்தியே பேசினோம். ரகசியம் என்று ஒன்று அந்த இடத்தில் இருக்கவே முடியாது.

வேர்க்கடலை உடைத்தபடி அவர் விளக்குகளை விசாரிக்கும் அழகே தனி. ஸ்பேனர் இருக்கும் டிராயரின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். பழுதான சாமான் எது வந்தாலும், "பஸ்ட்டு அது எப்படிக் கெடுது, அத நான் பாக்கணும். ஆமேலே ஸ்பேனர்" என்பார். ஆமேலே என்றால் அப்புறம். கெட்டுப்போவதைக் கண்ணால் காணாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற விடமாட்டார்.

விளக்கை அவர் ஏற்றுவதைப் பார்ப்பதற்கென்றே துணிக்கடைப் பையன்கள் பின்வாசலுக்கு வந்து நிற்பார்கள். பக்கத்தில் மணல் வாளி, கித்தான் எல்லாம் அறையின் மறுகோடியில். தொட்டியில் முக்கால் அளவுக்கு எண்ணெய், மீதி இடம் காற்றுக்கு. பம்பைக் கழற்றித் தோல் வாஷரை விரலால் நெருடிப் பார்ப்பார். காய்ந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைப்பார். அந்த நீல நெருப்பு மேலே போகும் குழாயைச் சூடாக்கும். அப்போது யாரும் பம்பைத் தொடக் கூடாது. அவசரப்பட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீய்ச்சி அடித்து மஞ்சள் தீயாக எழும்பும். ஸ்பிரிட் தீர்ந்து நெருப்பு தள்ளாடும் நேரம் பார்த்து மேடம் பம்பை அழுத்துவார். 'புஸ்' என்று ஒரு சத்தம். மாண்டில் சிவந்து, வெளுத்து, கண் கூசும். கூடவே ஓர் இரைச்சல், தூரத்தில் மழை வருவது மாதிரி. அந்த இரைச்சல் சீராக இருந்தால் மேடம் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆரம்பத்தில் சிக்மகளூர் எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்த விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. நிப்பிள், அதாவது ஆவி பீய்ச்சும் ஊசித்துளை உள்ள முனை, அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். மேடம் சாவி தரவில்லை.

"ரோசி, காத்து உள்ள போற வழி எதும்மா?"

"இந்தக் குழாய் மேடம்."

"ஊதிப் பாரு."

ஊதினேன். கன்னம்தான் உப்பியது, காற்று போகவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது! நஸ்ரீன் எங்களோடு ஸ்டவ் பிரிவில் வேலை பார்த்தவள், என் சிநேகிதி. "அரே, வாடகைக்கு ஆள் இருந்திருக்குது பாரு" என்று கத்தினாள். எஸ்டேட்காரர்களுக்குக் காட்டுவதற்காக அந்த மண் கூட்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்தோம்.

இனி அந்த விளக்குக்கு வருகிறேன்.

கனகபுரா தாண்டி, காவிரிக் கரையில் எங்கள் முகாம் ஒன்று இருந்தது. அங்கே சமையல்காரராக இருந்தவர் ஆரோக்கியதாஸ். கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் மூடியபின் ஊரைவிட்டுச் சமையல் வேலைக்கு வந்தவர். நாற்பதை நெருங்கும் வயது. தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டுத் தனக்குப் பண்ணிக்கொள்ள மறந்துபோனவர். முகாமில் வியாழக்கிழமை அவருக்கு லீவு. ஒரு வியாழக்கிழமை, வைக்கோல் அடைத்த கூடையில் பெரிய காஸ் லைட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார்.

"சிஸ்டர், இது ஏத்தனா நல்லா எரியுது. கொஞ்ச நேரத்துல மங்கிப் போய், மேல தலையிலருந்து நெருப்பு வருது. கண்ணாடியெல்லாம் கரி."

மேடம் சொன்னபடி மேஜைமேல் வைத்து ஏற்றினோம். எரிந்தது. மத்தியானம் வரைக்கும் எரிந்தது. எண்ணெய் தீர்ந்து அணைந்ததே தவிர, மங்கவில்லை, கரியவும் இல்லை. தொட்டியைக் கழுவி, எண்ணெயைத் துணியில் வடிகட்டச் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த வியாழக்கிழமை திரும்ப வந்தார். "திரும்பக் கண்ண மூடிக்கிச்சு சிஸ்டர்."

மேஜைமேல் வைத்தோம். ஜம்மென்று எரிந்தது. கெடுவதைப் பார்க்காமல் தொடக் கூடாது என்ற சட்டத்தை மேடமே தளர்த்தி, நிப்பிளை மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் ஆவிக்குழாயை மாற்றினேன். அதற்கடுத்த வாரம் பம்பின் வால்வு. ஒவ்வொரு தடவையும் அது எங்கள் மேஜையில் நல்ல பிள்ளையாக எரியும். முகாமுக்குப் போனதும் வேலையைக் காட்டும். அந்த மனிதரும் சலிக்காமல் வந்தார். வரும்போது ஒரு டிபன் பாக்ஸில் முருங்கைக்கீரை வடையோ வாழைப்பூ உருண்டையோ கொண்டுவருவார். விளக்கு எரிந்து முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலில் வியாழன்தோறும் நடக்கும் நவநாள் ஜெபத்துக்குப் போவார். நானும் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவேன். கூட்டத்தில் அவர் முன்னால், நான் பின்னால். இறங்கும்போது, "வரேன் சிஸ்டர்" என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

நஸ்ரீனுக்கு இது போதாதா?

"ரோசி, லைட்டுல ஒண்ணும் இல்ல. கெட்டுப்போனது அந்த ஆளுதான்."

"சும்மா இரு. காதுல விழப்போவுது."

"நவநாளுக்குக் குழந்தை ஏசுவப் பாக்க வராரா, உன்னப் பாக்க வராரா?"

"சிஸ்டர்னுதான் கூப்பிடறாரு நஸ்ரீன்."

"கூப்பிடறது வாயி. வடை எடுத்துனு வர்றது கையி."

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. வீட்டில் என் கல்யாணப் பேச்சே நின்றுபோயிருந்தது. அம்மா ஜாதகமும் பார்க்கிறவர் இல்லை, தரகரிடம் போட்டோ கொடுப்பதையும் விட்டிருந்தார். எனக்கும் அதில் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் நஸ்ரீன் ஓதிக்கொண்டே இருந்ததில் ஏதோ ஆகிவிட்டது. புதன்கிழமையானால் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட ஆரம்பித்தேன். எதற்கு என்று அம்மா கேட்டார். வெயில் காலம், கஞ்சி போட்டால்தான் உடுத்த முடிகிறது என்றேன். அப்போது பெங்களூரில் டிசம்பர் மாதம்.

ஒரு வியாழக்கிழமை அவர் டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்தார். முகம் வாடியிருந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு நேராக மேடத்திடம் போனார்.

"மேடம், இது கடைசி தடவ. மேனேஜர் சொல்லிட்டாரு."

"ஏனாயித்துப்பா? கத்திச் சொல்லு."

கத்திச் சொன்னார். முகாமின் சமையல் கூடம் கூரை வேய்ந்தது. முந்தின சனிக்கிழமை விளக்கின் தலையில் எழும்பிய நெருப்பு கூரைக்கு ஒரு முழம் வரை போயிருக்கிறது. விருந்தாளிகள் பயந்துபோய்ச் சாப்பிடாமலே கூடாரத்துக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் கேட்டதில் நியாயம் இருந்தது. விளக்கு நன்றாக இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப் ஒவ்வொரு வாரமும் எழுதி அனுப்புகிறது. அப்படியென்றால் ஏற்றுகிறவன் சரியில்லை. ஏற்றத் தெரியாதவனைக் கூரைக்கடியில் நெருப்போடு வைத்துக்கொள்ள முடியாது. வேறு சமையல்காரரிடம் பேசி வைத்தாகிவிட்டது.

"நான் ஒழுங்காத்தான் ஏத்தறேன் மேடம். தங்கவயல்ல பொறந்தவன், நெருப்போட வெளையாட மாட்டேன்."

மேடம் கடலைத் தோலை ஊதிவிட்டு எழுந்தார். "அது இங்க கெடாது. அங்கதான் கெடுது. நாமதான் அங்க போகணும். சனிக்கிழமை வேன் சொல்லு ரோசி."

வேனில் போகும்போது கனகபுரா ரோடு முழுக்க நஸ்ரீன் வாய் மூடவில்லை. மேடம் முன் சீட்டில் தூங்கியதும் என் காதருகே குனிந்தாள்.

"ரோசி, யோசிச்சியா? அந்த லைட்டு நல்லா எரிஞ்சா, ஆளு உனக்காகத்தான் பொய் சொல்லினு வந்தாரு. வேல போய்டும். லைட்டு கெட்டுப்போனா, வேல நிக்கும். ஆனா அவரு லைட்டுக்காகத்தான் வந்தாரு. உனக்கு எது வேணும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யோசிக்காமலா இருப்பேன்? இரண்டு நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வேலை போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் மனசு ஓர் ஓரத்தில் இன்னொன்றையும் கேட்டுக்கொண்டே வந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சமையல் கூடம் என்பது நாலு கல்தூண், மேலே கூரை, நடுவில் பெரிய அடுப்பு, ஓரத்தில் காய் நறுக்கும் கல்மேடை. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். மேடம் ஹெல்மெட்டோடு இறங்கியதைப் பார்த்து அவர் ஒரு கணம் திகைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இங்க வச்சு ஏத்துப்பா" என்று மேடம் கல்மேடையைக் காட்டினார்.

தாஸ் ஏற்றினார். நான் ஒவ்வொன்றையும் கவனித்தேன். எண்ணெய் அளவு சரி. வாஷரை நெருடிப் பார்த்தார். ஸ்பிரிட் தீரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் மேடம்கூடக் குறை சொல்ல முடியாத ஏற்றல். மாண்டில் வெளுத்தது, இரைச்சல் சீராக வந்தது. நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அது எரிந்தது. இன்னும் எரிந்தது. ஆற்றுப் பக்கமிருந்து பூச்சிகள் வந்து கண்ணாடியில் முட்டின. கூடாரங்களிலிருந்து பசித்த முகங்கள் எட்டிப் பார்த்தன. விளக்கு மட்டும் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது.

தாஸின் நெற்றியில் வேர்த்தது. விளக்கைச் சரிசெய்து சம்பளம் வாங்குகிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு விதமாக ஜெபித்தேன். 'குழந்தை ஏசுவே, இந்த லைட்டக் கெடுத்துடு. தயவுசெஞ்சு கெடுத்துடு.' நஸ்ரீனின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவள் அவளுடைய கடவுளிடம் அதையேதான் கேட்டிருக்க வேண்டும்.

"பாத்தீங்களா மேடம்?" என்றார் மேனேஜர்.

"ஸ்வல்ப இருங்க." மேடம் தாஸ் பக்கம் திரும்பினார். "ஏம்பா, நாங்க வரலன்னா இப்ப நீ இன்னா பண்ணினு இருப்ப?"

"சாம்பார் தாளிச்சினு இருப்பேன் மேடம்."

"போய்த் தாளி. நாங்க இல்லன்னு நெனச்சுக்கோ."

தாஸ் பெருமூச்சு விட்டு விளக்கைக் கையில் எடுத்தார். அடுப்புக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் போட்டிருந்தது. அதில் ஒரு கொக்கி. தினம் செய்கிற காரியத்தைச் செய்வது போல, யோசிக்காமல், விளக்கின் கைப்பிடியை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுப்பை ஊத ஆரம்பித்தார்.

மேடம் கடலை உடைப்பதை நிறுத்தினார்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எரிகிற விளக்கைத் தொங்கவிடக் கூடாது. கித்தான் நிறைந்த இடம், மேடம் போட்ட சட்டம் அது. இத்தனை வாரமும் மேஜைமேல்தான் வைத்துப் பார்த்தோம். முகாமில் எங்கே வைக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கிச்சனில் என்பதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சாம்பார் கொதிக்க ஆரம்பித்தபோது இரைச்சலில் ஒரு தடுமாற்றம் கேட்டது. வெளிச்சம் ஒருமுறை துடித்தது. பிறகு மெதுவாக மங்கி, காவி நிறத்துக்கு வந்தது. தலையின் ஓட்டைகளில் ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்த்தது.

"பாருங்க! பாருங்க சிஸ்டர்! பாருங்க மேடம்!" தாஸ் கரண்டியோடு குதித்தார். நஸ்ரீன் விசில் அடித்தாள். நான் கை தட்டியேவிட்டேன். விளக்கு கெட்டதற்கு ஒர்க்‌ஷாப் ஆட்கள் கொண்டாடுவதைப் பார்த்து மேனேஜர் கட்டியிருந்த கையைத் தானாகவே அவிழ்த்துவிட்டார்.

"எறக்கு" என்றார் மேடம்.

இறக்கிக் கல்மேடையில் வைத்தோம். சற்று நேரத்தில் நெருப்பு உள்ளே அடங்கி, வெளிச்சம் வெளுத்தது. திரும்ப மாட்டினோம். மங்கியது. இறக்கினோம். வெளுத்தது. விருந்தாளிகள் பத்திருபது பேர் கூடிவிட்டார்கள். இதுவும் முகாமின் நிகழ்ச்சி என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்கள்.

கடைசியாக மாட்டியபோது நான் ஸ்டூல்மேல் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே எண்ணெய்த் தொட்டி, மேலே கண்ணாடியும் மாண்டிலும் இருக்கும் கூடு. இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் கவ்விகள் பிடித்திருக்கும். தொங்கவிடும்போது கைப்பிடி கூட்டைத்தான் பிடித்திருக்கிறது. தொட்டியின் பாரம் முழுக்க அந்தக் கவ்விகளில் தொங்குகிறது. இடது பக்கம், தொட்டிக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு நக இடைவெளி தெரிந்தது.

"தாஸ், இடுக்கி கொடுங்க" என்றேன்.

பாத்திரம் இறக்கும் இடுக்கியைக் கொடுத்தார். அதைக்கொண்டு தொட்டியையும் கூட்டையும் சேர்த்துக் கவ்வி மெல்ல அழுத்தினேன். வெளிச்சம் குபீரென்று வெளுத்தது. விட்டேன். மங்கியது. அழுத்தினேன். வெளுத்தது.

"மேடம்! கவ்வி தேஞ்சிருக்குது!"

"கத்தாதே, கேக்குது" என்றார் மேடம். அப்போதுதான் கவனித்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஆவி பீய்ச்சும் நிப்பிள் தொட்டியோடு இருக்கிறது. அந்த ஆவியை வாங்கிக் காற்றோடு கலக்கும் குழாய் மேலே கூட்டோடு இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மேஜைமேல் வைத்தால் கூடு தன் பாரத்தாலேயே தொட்டிமேல் அழுந்தி உட்கார்ந்துவிடும். தொங்கவிட்டால், தேய்ந்த கவ்வி சூடேறிய பிறகு வழுக்கி, தொட்டி ஒரு பக்கமாகச் சாயும். ஆவி குழாய்க்குள் போகாமல் விளிம்பில் பட்டு வெளியே சிதறி எரியும். இவ்வளவுதான் விஷயம். இதற்காக எத்தனை வடை!

அன்றைக்குக் கம்பியால் கட்டிச் சமாளித்தோம். விளக்கு கொக்கியில் தொங்கியபடி எரிந்தது. மேனேஜர் தாஸின் தோளில் தட்டி, "சாரிப்பா" என்றார். புதுச் சமையல்காரரை வர வேண்டாமென்று சொல்லவும் உடனே போனைக் கையில் எடுத்தார். எங்களுக்கும் இலை போட்டார்கள். தாஸ் அன்று வைத்த சாம்பாரை, தாளிப்பு கொஞ்சம் தீய்ந்திருந்தும், நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது நஸ்ரீன் அவர் பேச்சையே எடுக்கவில்லை. அதிலிருந்தே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கோளாறு உண்மை. மனிதர் விளக்குக்காகத்தான் வந்திருக்கிறார். வேலை தப்பியதில் எனக்கு நிஜமான சந்தோஷம். ஆனாலும் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, நம்மை நாமே இப்படி முட்டாளாக்கிக்கொண்டோமே என்று கொஞ்சம் அழுதேன். புதுக் கவ்வி செய்து திங்கட்கிழமையே வேனில் அனுப்பிவிட்டேன். புதன்கிழமை புடவைக்குக் கஞ்சி போடவில்லை.

வியாழக்கிழமை, வழக்கமான நேரத்தில், ஆரோக்கியதாஸ் வாசலில் நின்றார். கையில் கூடை இல்லை. டிபன் பாக்ஸ் இல்லை. சலவைச் சட்டை.

மேடம்தான் முதலில் பார்த்தார். "லைட்டு எங்கப்பா?"

"எரியுது மேடம். தொங்கினே எரியுது."

"அப்ப ஏன் வந்த?"

"சும்மா... நவநாளுக்குப் போற வழியில..."

"கனகபுராலருந்து விவேக் நகர் போற வழியில சிவாஜிநகர் எங்க வருது?"

ஹெல்மெட்டுக்காக இருவரும் கத்திய கத்தலில் துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். தாஸ் காது மடல் சிவந்து நின்றார். நஸ்ரீன் ஸ்டவ் ஒன்றைக் கையிலிருந்து நழுவவிட்டாள். அவர் என் மேஜைக்கு வந்தார். இத்தனை நாளும் என்னோடு பேச அவருக்கு ஒரு விளக்கு இருந்தது. இப்போது வெறும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரோசலின்," என்றார். "போன வாரம் அது சரியாயிடுச்சா... ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. இனிமே வியாழக்கிழமைக்கு இன்னா சொல்லினு வர்றதுன்னு."

எரித்துப் பார்த்த விளக்கு ஒன்றை மேஜைமேல் திறந்து வைத்திருந்தேன். என் விரல் பட்டு அதன் மாண்டில் உதிர்ந்துபோயிற்று.

"சாயங்காலம் நீங்க போற பஸ்ல நானும் வரட்டா? முன்னாடி நிக்காம, பக்கத்துல?"

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது," என்றேன். "உக்காருங்க."

உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் நஸ்ரீனோடு சேர்ந்து கூடாரங்களை மடித்தார். மேடம் அன்று முழுக்க ஹெல்மெட் கண்ணாடியை இறக்கவே இல்லை.

ஈஸ்டர் முடிந்ததும் விவேக் நகரில் எங்கள் கல்யாணம் நடந்தது. அம்மா பந்தல் முழுக்க யாரையாவது பிடித்துப் பிடித்து மாப்பிள்ளை சமைப்பாராம் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். மேடம் பட்டுப்புடவையில், தலையில் பூவோடு வந்தபோது ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கே அடையாளம் தெரியவில்லை. பிற்பாடு ஒர்க்‌ஷாப்பின் பின்முற்றத்தில், கித்தானுக்கு எட்டாத தூரத்தில், ஓர் இரும்புச் சட்டம் நட்டார். எந்த விளக்கும் வெளியே போகுமுன் மேஜையில் ஒரு முறை, அந்தச் சட்டத்தில் தொங்கி ஒரு முறை என்று இரண்டு தடவை எரிய வேண்டும். இன்றைக்கும் அதுதான் நடைமுறை. அவர் ஓய்வு பெற்றபின் அவருடைய பொறுப்புக்கு நான் வந்தேன். தாஸ் அதே ஆற்றங்கரை முகாமில் சமைத்தார். வியாழக்கிழமை அவர் விவேக் நகருக்கு வருவார், சனி ஞாயிறு நான் முகாமுக்குப் போவேன். இப்படியே வருஷங்கள் ஓடின. யாராவது கேட்டால், வாராவாரம் புதுசாகக் கல்யாணம் ஆவது மாதிரி இருக்கும் என்று சொல்வேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று அந்த முகாமிலேயே விருந்து வைத்தார்கள். அத்தனை வருஷம் அங்கே போயும் நான் ஒருநாளும் விருந்தாளியாக உட்கார்ந்ததில்லை. ஏதாவது ஒரு விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அன்று என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தாஸ் கல்லைப் போட்டுச் சூடாகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். சாப்பிட ஆரம்பித்ததும் என் எதிரில் பாறைமேல் வைத்திருந்த விளக்கு துடிக்க ஆரம்பித்தது. வெளிச்சம் ஏறுவதும் இறங்குவதுமாக. நிப்பிள், ஆவிக்குழாய், எண்ணெயில் தண்ணீர் என்று என் மனசு வரிசையாக ஓடியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"உக்காரு ரோசி" என்று தாஸ் அடுப்பருகிலிருந்து சத்தம் போட்டார். "இன்னிக்கு நீ சாப்பிடறவ."

நந்தினி விளக்குக்கு முன்னால் போய்க் குந்தினாள். எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விரலை எச்சில் தொட்டு ஆற்றுப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். விளக்கைத் தூக்கிப் பாறைக்கு அந்தப் பக்கம் மறைவாக வைத்தாள். ஆற்றுக்காற்று நேராகக் காற்றுத் துளையில் அடித்திருக்கிறது. அவ்வளவுதான். துடிப்பு நின்றுவிட்டது. நானாக இருந்தால் அதற்குள் நிப்பிளைக் கழற்றியிருப்பேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டு, தட்டைக் கையில் எடுத்து, தாஸிடம் இன்னொரு தோசை கேட்டேன்.